பாட்டி தேடின கப்பல்

ஓம் கம் கணபதயே நமஹ.

போன ஸ்கூல் லீவுல குடும்பத்தோட மலாக்கா கப்பல் மியூசியம் போயிட்டு வந்த படத்தைப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் அதைப் பத்தித்தான் கேட்டாங்க. "83 வயசு பாட்டியை எதுக்குய்யா அங்க கூட்டிட்டுப் போனீங்க, அந்தப் படிக்கட்டெல்லாம் ஏறுவாங்களா?" ஏறினாங்க. மெதுவா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினாங்க. பிரசாதம் கொடுக்கிற வரிசையில நின்னுக்கிட்டு அதுக்கு மேல சொல்ல முடியல, அதனால இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம். ஆடி அமாவாசை பத்தின விஷயம் கடைசியில இருக்கு, அதையும் படிச்சிடுங்க.

எங்க பாட்டி பொதுவா எங்கயும் வர மாட்டாங்க. கோவில், கிளினிக், துக்க வீடு, இந்த மூணுக்குத்தான் வாசப்படி தாண்டுவாங்க. சிவப்புக் கட்டடத்துக்கு (அதான் டச்சுக்காரன் கட்டின ஸ்டாடுஹைஸ்) எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம், "போயிட்டு வாங்கய்யா, எனக்குக் காலு வலிக்குது" அவ்வளவுதான். ஆனா இந்தத் தடவை என் மகள் போய், "பாட்டி, நாளைக்குக் கப்பல் மியூசியம் போறோம்"னு சொன்னதும், "நானும் வர்றேன்"னு சொல்லிட்டாங்க. ராத்திரியே பெட்டியில இருந்து நல்ல புடவையை எடுத்து வெச்சாச்சு. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

காலையில முதல்ல தங்க ஆசாரித் தெரு பொய்யாத விநாயகரைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினோம். ஜாலான் துக்காங் எமாஸ்னு சொன்னாத்தான் இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் புரியும். 1781-ல, டச்சுக்காரங்க ஆட்சியில தெய்வநாயகம் செட்டி கட்டின கோவில். மலேசியாவுல இன்னைக்கும் பூசை நடக்கிற கோவில்கள்ல இதுதான் ரொம்பப் பழசுன்னு சொல்வாங்க. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குத் தேர் இங்க இருந்துதான் புறப்படுதுங்கறது உங்க எல்லாருக்கும் தெரியும். தேருக்கு முன்னால தண்ணிப் பந்தல்ல நிக்கிற ஆளு நான், எனக்கு அந்தக் கோவில் வாசல்ல நின்னாலே தேங்காய் உடைக்கிற சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும்.

பிள்ளையார் கிட்ட இருந்து ஆத்தோரமா நடந்தா அந்த மரக்கப்பல் தெரியும். பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க, உள்ளே போனவங்க நம்மள்ல குறைச்சல். அது நெஜக் கப்பல் இல்ல, மாதிரிக் கப்பல். 34 மீட்டர் உயரம், 36 மீட்டர் நீளம். 1994-ல மியூசியமாத் திறந்தாங்க. அசல் கப்பலோட பேரு ஃபுளோர் டி லா மார், அப்படின்னா கடலின் மலர்னு அர்த்தம். 1502-ல லிஸ்பன்ல கட்டினது. 1511 ஆகஸ்ட்ல அல்புகெர்க் மலாக்காவைப் பிடிச்சப்போ வந்த கப்பல்கள்ல இதுவும் ஒண்ணு. பிடிச்ச பிறகு இந்த ஊர்ல இருந்து அள்ளின பொருளையெல்லாம் இதுல ஏத்திக்கிட்டுக் கிளம்பினான். அந்த நவம்பர்லயே சுமத்திரா கரைக்குப் பக்கத்துல புயல்ல மாட்டி மூழ்கிப்போச்சு. அவன் தப்பிச்சிட்டான், பொருளு போச்சு. இன்னைக்கு வரைக்கும் ஆளுங்க தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

உள்ளே போறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. பாட்டிக்கு அது பிடிச்சுப்போச்சு. "பரவாயில்லையே, கோவில் மாதிரி வெச்சிருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே மரத்தரையில கால் வெச்சாங்க.

என் மகன் ஃபார்ம் ஒன் படிக்கிறான். அவன் கேட்டான், "அப்பா, நம்ம ஊரைக் கொள்ளையடிச்ச கப்பலை எதுக்குப்பா நாமளே கட்டி வெச்சிருக்கோம்?" நான் யோசிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரி, "மூழ்கிப்போச்சுல்ல, அதனாலதான்"னு முடிச்சிட்டா. கேள்வி நல்ல கேள்வி. பதிலும் மோசமில்ல.

உள்ளே சுல்தான் காலத்துத் துறைமுகம், போர்த்துக்கீசியர், டச்சு, பிரிட்டிஷ்னு வரிசையா வெச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுல பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்துல மலாக்கா துறைமுகத்துக்கு நாலு ஷாபண்டார் இருந்தாங்க. துறைமுக அதிகாரின்னு வெச்சுக்கங்க. குஜராத்தி வணிகர்களுக்கு மட்டும் தனியா ஒருத்தர். சோழமண்டலக் கரையில இருந்து வந்தவங்களையும், வங்காளம், பெகு, பாசாய் பக்கத்துல இருந்து வந்தவங்களையும் பார்த்துக்க இன்னொருத்தர். பழவேற்காட்டுல இருந்தும் நாகப்பட்டினத்துல இருந்தும் துணி வரும், இங்க இருந்து கிராம்பு, ஜாதிக்காய் போகும். அந்த வணிகர்கள்ல நைனா சட்டுன்னு ஒரு இந்து வியாபாரி. 1509-ல முதல்ல வந்து சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்களுக்கு அவர் உதவி பண்ணினார். ரெண்டு வருஷம் கழிச்சு ஊரைப் பிடிச்சதும், அவரையே இங்க இருந்த நம்ம மக்களுக்குத் தலைவரா வெச்சாங்க. கொஞ்ச வருஷத்துலயே பதவியைப் பிடுங்கிட்டாங்க. அந்த அவமானம் தாங்காம தீயில இறங்கினார்னு போர்த்துக்கீசியரே எழுதி வெச்சிருக்காங்க. இதைப் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். பெருமையாச் சொல்றதா, வேற மாதிரிச் சொல்றதான்னு எனக்கே தெரியல, நடந்ததைச் சொன்னேன்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், பாட்டி எதையும் கேக்கல. ஒவ்வொரு அறையா எட்டிப் பார்க்கிறாங்க. கண்ணாடிப் பெட்டியில இருந்த சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகளைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாங்க. கடைசியில என் சட்டையைப் பிடிச்சு இழுத்து மெதுவாக் கேட்டாங்க.

"ஏன்யா, ராஜுலா எங்க இருக்கு?"

அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது, நல்ல புடவை எதுக்குன்னு.

இளையவங்களுக்காகச் சொல்றேன். எஸ். எஸ். ராஜுலான்னு ஒரு கப்பல். 1926-ல ஸ்காட்லாந்துல கட்டினது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது. மெட்ராஸ்ல கிளம்பி, நாகப்பட்டினத்துல ஆள் ஏத்தி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இப்ப கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் வரைக்கும் வரும், அப்படியே திரும்பிப் போகும். நடுவுல உலகப்போர் காலம் போக, நாப்பது வருஷத்துக்கும் மேல இதே வேலைதான். மேல் வகுப்புல கொஞ்சப் பேர் வருவாங்க, மத்தவங்க எல்லாம் டெக் பயணிங்க. டெக்னா அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரிச்ச இடம் உங்க இடம். ஒரு நடையில ஆயிரம் ரெண்டாயிரம் பேர் அப்படி வந்திருக்காங்க. 1973-ல கப்பலை இந்திய அரசாங்கக் கம்பெனிக்கு வித்தாங்க, பேரு மாத்தினாங்க, மறு வருஷமே இரும்புக்கு உடைச்சிட்டாங்க. அதுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடிச்சு, 1985-ல தீப்பிடிச்சு அதுவும் நின்னுபோச்சு.

நம்ம வாட்சாப் குரூப்புல மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ராஜேந்திர சோழன் படம் வரும். 1025, கடாரம், கப்பற்படை, புலிக்கொடி. வரட்டும், எனக்கும் பிடிக்கும், நானும் ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். ஆனா நம்ம லயத்துல பிறந்தவங்கள்ல சோழன் கப்பல்ல வந்த குடும்பம் எது? நாம எல்லாரும் டெக்ல பாய் விரிச்சு வந்தவங்க பேரப்பிள்ளைங்க. அந்தக் கப்பலுக்கு ஒரு படம் யாரும் அனுப்பி நான் பார்த்ததில்ல.

ராஜுலா இங்க இல்ல பாட்டி, அதை அப்பவே உடைச்சிட்டாங்கன்னு சொன்னேன். "உடைச்சிட்டாங்களா..." அப்படின்னு மட்டும் சொன்னாங்க. கொஞ்ச நேரம் அந்த மரத்தூணைத் தடவிக்கிட்டு நின்னாங்க.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடற்படை மியூசியம். வெளியில கேடி ஸ்ரீ திரங்கானுன்னு நெஜமான ரோந்துப் படகையே கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க, பசங்க ஏறி இறங்கினாங்க. உள்ளே ஒரு விஷயம் என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. டயானான்னு ஒரு கப்பல், 1817-ல சீனாவுல இருந்து பீங்கான் ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்குக் கிளம்பினது. நம்ம தஞ்சோங் பிடாராவுக்கு எதிர்க்க பாறையில மோதி மூழ்கிப்போச்சு. 1990கள்ல ஆளுங்க முங்கி எடுத்தாங்க, இருபதாயிரத்துக்கும் மேல பீங்கான் சாமான் கிடைச்சுது. நீலப் பூப்போட்ட தட்டு, கிண்ணம். மெட்ராஸ்ல யாரோ ஒருத்தங்க வீட்டுச் சோத்துக்குப் போக வேண்டிய தட்டு, நம்ம கடலுக்கு அடியில 170 வருஷத்துக்கும் மேல கிடந்திருக்கு. பாட்டி அதைப் பார்த்துட்டு, "உடையாம கெடக்கு பாரு"ன்னாங்க. அதுக்கு மேல பேசல. மதியம் பூரா அவங்க பேசவே இல்ல.

வீட்டுக்குப் போயிடலாம்னுதான் இருந்தேன். பசங்கதான் கிளேபாங் நீர்மூழ்கிக் கப்பலையும் பார்த்தே ஆகணும்னு அடம். பிரெஞ்சுக் கப்பல் அது, பேரு உவெசாங். 1978-ல பிரெஞ்சுக் கடற்படையில சேர்ந்தது. நம்ம நாட்டு மாலுமிங்க நீர்மூழ்கி ஓட்டப் பழகினது இதுலதான். ஓய்வு கொடுத்த பிறகு இங்க கொண்டுவந்து கரையில ஏத்தி வெச்சிட்டாங்க. 67 மீட்டர் நீளம், ஆனா உள்ளே ஆள் நடக்கிற வழி நம்ம கருவறை வாசல் அளவுதான். பாட்டி ஏறல. பிறகு பசங்க எடுத்த படத்தைக் காட்டினாங்க. மாலுமிங்க படுக்கிற தட்டு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, கை நீட்டக்கூட இடமில்ல. "ஐயோ பாவம் பாட்டி, எப்படித்தான் படுத்தாங்களோ"ன்னு மகள் சொன்னா.

"இவங்களுக்குத் தட்டாவது இருக்கே தாயி"ன்னாங்க பாட்டி.

அப்புறம் தேங்காய் ஷேக் வாங்கிக்கிட்டுக் கடல் தெரியிற பக்கமா உக்காந்தோம். கிளேபாங்ல இப்ப கடலைத் தேடித்தான் பிடிக்கணும், அவ்வளவு மண்ணைக் கொட்டி நிரப்பிட்டாங்க. அங்க உக்காந்துதான் சொன்னாங்க. யாரும் கேக்கல, அவங்களாச் சொன்னாங்க.

1950. பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். அவங்க அப்பா போருக்கு முன்னாடியே ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துல பால் வெட்டினவர். ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போய், உசுரோட திரும்பினவங்கள்ல ஒருத்தர். போர் முடிஞ்சதும் ஊருக்குப் போனார், நாலு வருஷம் இருந்து பார்த்தார், அங்கயும் சோறு இல்ல. பொண்டாட்டி பிள்ளைங்களோட திரும்பக் கிளம்பிட்டார். நாகப்பட்டினத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நிக்கும். படகுல போய் ஏறணும். பாட்டியை ஒரு கையில, தகரப்பெட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு அவங்க அப்பா ஏறினாராம். அம்மா கையில ஆறு மாசத்து ஆம்பளப் பிள்ளை.

ரெண்டாம் நாள்ல இருந்து அம்மாவுக்கு வாந்தி. சாப்பிட முடியல, பால் வத்திப்போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்துப் பாயில இருந்த ஒரு அம்மா கஞ்சித் தண்ணியைத் துணியில நனைச்சுப் பிள்ளை வாயில வெச்சாங்களாம். அவங்க பேரு, ஊரு எதுவும் பாட்டிக்குத் தெரியாது, ஆனா பச்சைப் புடவைன்னு ஞாபகம் இருக்கு. நாலாம் நாள் விடியறப்ப பிள்ளை அசையல.

"சாக்குல சுத்தினாங்கய்யா. இரும்புத் துண்டு ஏதோ வெச்சுக் கட்டினாங்க. அம்மாவை அந்தப் பக்கம் விடல. எங்க அப்பா தோளு மேல நான் உக்காந்திருந்தேன். தண்ணி மேல விழுந்த சத்தம்கூடக் கேக்கல, மிஷின் சத்தம் அவ்வளவு. கப்பல் நிக்கவே இல்ல. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எந்த இடம்னு தெரிஞ்சுக்கலாம்னு. எல்லாம் ஒரே தண்ணி."

இறங்கினதும் குவாரண்டின் முகாம், அங்க இருந்து லோரி, அங்க இருந்து லயம். அவங்க அம்மா அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பத்தி வாயே திறக்கல. மறு வருஷம் அதே தோட்டத்துல அடுத்த பிள்ளை பிறந்துச்சு. அந்தப் பிள்ளைக்குத்தான் பேர் வெச்சாங்க. கடல்ல போனவனுக்குப் பேரே வெக்கல. ஊர்ல வெச்சா செலவு, அங்க போய் மாரியம்மன் கோவில்ல வெச்சுக்கலாம்னு இருந்தாங்களாம்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு நம்ம ஆலயத்துல இருந்து கடற்கரைக்குத் தர்ப்பணத்துக்குப் போறோம்ல, அதுல பேர் எழுதற வேலை என்னோடது. ஒவ்வொரு வருஷமும் கிளம்பறப்போ பாட்டி ஒரு பால் பாக்கெட்டை என் கையில திணிப்பாங்க. "கடல்ல ஊத்திட்டு வாய்யா." யாருக்கு பாட்டின்னு கேட்டா, "ஊத்துய்யா போதும்." அந்தப் பால் யாருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

என் மகள் அழுதுட்டா. மகன் எழுந்து போய்த் தண்ணி ஓரமா நின்னான். "பாட்டி, இது மலாக்கா நீரிணை, நீங்க சொல்ற இடம் அந்தப் பக்கம், வங்காள விரிகுடா"ன்னான். பையன் ஜியோகிராஃபில கெட்டி. பாட்டி சொன்னாங்க, "எல்லாம் ஒட்டின தண்ணிதானே ராசா."

அடுத்த நாள் காலையில குருக்கள் ஐயாகிட்டப் போனேன். பேரு இல்லாத பிள்ளைக்கு எப்படி சங்கல்பம் பண்றதுன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன், ஏன்னா உங்கள்ல சில பேருக்கும் இது தேவைப்படும். பல்லு முளைக்காத பிள்ளைக்கு சாஸ்திரத்துல திதியும் இல்ல, தர்ப்பணமும் இல்ல. அதுக்குப் பாவமும் இல்ல, பாக்கியும் இல்ல, அது நேரா சாமிகிட்டப் போயிடும். மனசு கேக்கலன்னா அந்த வயசுப் பிள்ளை ஒண்ணுக்குப் பால், துணி வாங்கிக் கொடுங்க. கடல்ல பால் ஊத்தறதை நிறுத்தச் சொல்லாதீங்க, பாட்டி எழுபது வருஷமா மந்திரம் இல்லாம செஞ்சது தப்பே இல்ல. பெரியவங்களா இருந்து கப்பல்லயோ, முகாம்லயோ, சயாம்லயோ போனவங்க, பேரு தெரியாதவங்க, தேதி தெரியாதவங்க, இவங்களுக்குத் தர்ப்பணத்துலயே இடம் இருக்கு. தெரிஞ்ச பித்ருக்கள், தெரியாத பித்ருக்கள்னு கடைசியில எள்ளும் தண்ணியும் விடுவோம். ரத்த சொந்தம் இல்லாதவங்களுக்குக் காருண்ய தர்ப்பணம் உண்டு. பச்சைப் புடவை கட்டின அந்த அம்மாவுக்கும் விடலாம்.

பாட்டிகிட்ட வந்து சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "துணி என்ன கலர்ல வாங்கட்டும்?" மஞ்சள்ல ஒரு சின்னச் சட்டை வாங்கியாச்சு. நம்ம ஆலயத்துக்கு வர்ற ஒரு குடும்பத்துல ஆறு மாசத்துப் பிள்ளை இருக்கு, அதுக்குக் கொடுக்கப் போறோம். அந்தத் தாய்கிட்ட விவரம் சொன்னப்போ, அமாவாசை அன்னைக்கே போட்டுத் தூக்கிட்டு வர்றேன்னு சொன்னாங்க.

இந்த ஆடி அமாவாசைக்கு ரெண்டு விஷயம். வழக்கம் போல காலை 6 மணிக்கு ஆலயத்துல இருந்து பஸ் புறப்படும், எள்ளும் தர்ப்பையும் நாங்க கொண்டு வர்றோம், நீங்க சில்வர் தாம்பாளம் மட்டும் கொண்டு வாங்க, பிளாஸ்டிக் வேண்டாம். கடல்ல வாழை இலையைத் தவிர வேற எதையும் போடாதீங்க.

இன்னொண்ணு. பேர் எழுதற நோட்டுல இந்த வருஷம் தனியா நாலு பக்கம் விட்டிருக்கேன். உங்க குடும்பத்துல கப்பல்லயோ, இறங்கின முகாம்லயோ, சயாம்லயோ யாராவது போயிருந்தா எழுதுங்க. பேரு தெரியலன்னா தெரிஞ்சதை எழுதுங்க: அம்மாவோட தங்கச்சி, தாத்தாவோட மொத சம்சாரம், அப்படி. வீட்டுல 75 தாண்டினவங்க இருந்தா, அவங்களே சொல்லட்டும், பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுங்க. கப்பல் டிக்கெட், தகரப்பெட்டி, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் படம் இருந்தா எடுத்துட்டு வாங்க, போன்ல படம் எடுத்துக்கிட்டு அங்கயே திருப்பிக் கொடுத்திடறேன்.

நோட்டு அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டர்ல இருக்கு. பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன், அவுத்துட்டுப் போயிடாதீங்க.